பாறையின் மேல் ஒரு கோடு

அருவியின் எதிரே நின்றுகொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் முழங்கையால் என் விலாவில் இடித்தார். ஐஸ்லாந்தில், கையுறைக்குள் கை மரத்துப்போன ஒரு ஜனவரிப் பகலில். பகல் என்கிறேனே தவிர, அது விடியலா, மதியமா, அந்தியா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பத்தரை மணிக்கு மேல்தான் வெளிச்சமே வந்தது. சாப்பிட்டு ஏப்பம் விடுவதற்குள் போய்விட்டது.

“இப்போ சொல்லிடு,” என்றார்.

“நீங்க சொல்லுங்க.”

“எல்லாம் உன் யோசனைதானே?”

“பெயின்ட் அடிச்சது யாரு?”

மகன் பத்தடி தள்ளி நின்று அருவியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் விழுகிற இரைச்சலில் நாங்கள் பேசியது அவனுக்குக் கேட்டிருக்காது. அருவியின் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் உறைந்து தொங்கியது. நடுவில் மட்டும் கொட்டியது. ஒரே தண்ணீர் பாதி நிற்பதும் பாதி ஓடுவதும் எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் பயணத்தில் விளங்காத பலவற்றில் அது முதலாவது.

நாங்கள் அவனிடம் சொல்ல வேண்டியது இதுதான். முடிச்சூரில் இருந்த எங்கள் வீட்டை விற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. அவனுக்குத் தெரியாது.

இரண்டாயிரத்துப் பதினைந்தாம் வருஷ வெள்ளத்தில் அந்த வீட்டுக்குள் மார்பளவு தண்ணீர் நின்றது. அப்போது அவன் கல்லூரியில் கடைசி வருஷம். சான்றிதழ்களைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மொட்டை மாடிக்கு ஏற்றினான். தண்ணீர் வடிந்த பிறகு சேற்றுக்குள் நின்றுகொண்டு, “நான் சம்பாதிச்சு மேல ஒரு மாடி கட்டுறேம்மா. அப்புறம் எவ்ளோ தண்ணி வந்தாலும் நமக்கு என்ன?” என்றான். அந்த ஒரு வாக்கை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். அவன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போன பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலிலும், “மாடி எப்போடா கட்டப் போற?” என்று கேட்பேன். எனக்கு மாடியா முக்கியம்? மாடி கட்டவாவது திரும்பி வருவான் என்கிற நப்பாசை. வீடு இருக்கிறவரை பிள்ளை வருவான், இதுதான் என் கணக்கு.

ஆனால் மழைதான் என்னை விரட்டியது. ஐப்பசி பிறந்தாலே ராத்திரி எழுந்து எழுந்து வாசல்படியில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்ப்பேன். முந்தின வருஷம் தெருத் தண்ணீர் இரண்டாவது படிக்கு ஏறியதும், “போதும், வித்துடுங்க,” என்று நானேதான் சொன்னேன். மே மாதம் விற்று, அஸ்தினாபுரத்தில் இரண்டாவது மாடியில் ஒரு வாடகை ஃபிளாட்டுக்கு வந்தோம். எங்கள் இரண்டு பேருக்கு ஒரு படுக்கையறை போதும். இரண்டு படுக்கையறை வேண்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். இன்னொன்றில் அவனுடைய கட்டிலையும் மேசையையும் போட்டு, மாதம் ஒரு தரம் படுக்கை விரிப்பை மாற்றி வைத்தேன்.

விற்றதை அவனிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு காரியம் செய்தேன். முடிச்சூர் வீட்டில் நாங்கள் சோபாவில் உட்கார்ந்துதான் அவனோடு பேசுவோம். எங்களுக்குப் பின்னால் தெரிகிற சுவரை அப்படியே அஸ்தினாபுரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதே வெளிர்நீலம், அதே கடிகாரம், அதே நாள்காட்டி, அவன் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பை இருக்கிற பலகை. வீட்டுக்காரரை ஏணியில் ஏற்றிப் பெயின்ட் அடிக்க வைத்தேன். கடிகாரத்துக்கும் பலகைக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று பழைய வீட்டிலேயே அளந்து எழுதி வைத்திருந்தேன். டிரில் போட வந்த ஆள் சிரித்துவிட்டார்.

“இன்னாக்கா, இப்டி அளந்துகினு கீற? செவுரு எங்க ஓடிடப் போவுது?”

“நீங்க போடுங்க,” என்றேன். முப்பது வருஷம் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்தவள் நான். போலிச் சான்றிதழைக் கவரைப் பிரிக்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். அப்படிப்பட்டவள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து எட்டு மாதம் ஓட்டினேன். அவனும் கேட்கவில்லை. கேட்காததை நான் என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவன் எங்களை ஜெர்மனிக்கு வரவழைத்தான். அவன் வீட்டில் மூன்று வாரம் இருந்தோம். பேச்சு ஊர்ப் பக்கம் திரும்பினாலே நான் சமையலறைக்குள் போய்விடுவேன். ஒருநாள், “மூணு நாளைக்கு ஐஸ்லாந்து போறோம், டிக்கெட் போட்டாச்சு,” என்றான். ஊட்டிக் குளிருக்கே காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற எங்களைப் பனிக்கட்டி பார்க்க ஏன் கூட்டிப்போகிறான் என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஏதோ பெண்ணைக் காட்டப் போகிறான் என்றார் இவர். உடம்புக்கு ஏதாவது இருந்து, அதைச் சொல்லத்தான் கூட்டிப்போகிறான் என்று நான் பயந்தேன். வேனில் ஏறியதும் இரண்டு பேரும் மற்ற பயணிகளை ஒவ்வொருவராக எடைபோட்டோம். பெண் யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வழிகாட்டியும் ஒரு பெண். வேனையும் அவளே ஓட்டினாள், மைக்கிலும் அவளே பேசினாள். என் இங்கிலீஷ் ஆபீஸ் இங்கிலீஷ். அவள் பேசியதில் பாதி எனக்குப் புரிந்தது. புரிந்த பாதியும் நம்புகிறமாதிரி இல்லை. இந்தப் பக்கம் பனிக்கட்டி, அதற்கு அடியில் எரிமலை என்றாள். இப்படி ஓர் இடத்தில் மனிதர்கள் எந்தத் தைரியத்தில் கிரயம் பண்ணி வீடு கட்டுகிறார்கள் என்று இவர் என்னைக் கேட்டார். நாம் ஏரிக்கரையில் கட்டவில்லையா என்றேன்.

முதல் நாள் அருவியடியில் மகனே என் பக்கத்தில் வந்து நின்றான். “ம்மா, உங்கிட்ட ஒண்ணு பேசணும்,” என்று ஆரம்பித்தான். அவன் முடிப்பதற்குள் பழக்க தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. “மாடி எப்போடா கட்டப் போற?”

விற்ற வீட்டுக்கு மாடி! இவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மகன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, “குளிருது, வாங்க வண்டிக்குப் போலாம்,” என்றான்.

இரண்டாம் நாள் பனியாற்றுக்குப் போனோம். பெயரைக் கேட்டு ஓடுகிற ஆறு என்று எதிர்பார்த்திருந்தேன். அது மலையிலிருந்து இறங்கி வந்து அப்படியே நின்றுபோன பனிக்கட்டி. வெள்ளையாகக்கூட இல்லை. நீலமும் கறுப்புமாக, எரிமலைச் சாம்பல் படிந்து அழுக்காக இருந்தது. பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பற்கள் வைத்த பட்டையை மாட்டிவிட்டார்கள். யானை மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து நடந்தேன். மகன் என் கையை விடவே இல்லை. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் அவனைத் தாம்பரம் மார்க்கெட்டில் பிடித்துக்கொண்டு போவேனே, அதே பிடி.

ஓரிடத்தில் வழிகாட்டி எங்களை நிறுத்தினாள். எதிரே இருந்த மலையைக் கைகாட்டினாள். மலைச்சரிவில் நீளமாக ஒரு கோடு ஓடியது. கோட்டுக்கு மேலே பாறை கறுப்பு, கீழே வெளிர் நிறம். தன் கொள்ளுத்தாத்தா காலத்தில் பனி அந்தக் கோடு வரைக்கும் இருந்தது என்றாள். பனி போய்விட்டது, கோடு போகவில்லை என்றாள். அவள் பேசியதில் எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது இது ஒன்றுதான்.

அந்தக் கோட்டைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கேயோ பார்த்த கோடு.

முடிச்சூர்ச் சுவரில் வெள்ளம் விட்டுப்போன கோடு. சோபாவுக்கு மேலே, கடிகாரத்துக்குக் கீழே, காவி நிறத்தில் சுவர் முழுக்க ஓடும். மூன்று தரம் பெயின்ட் அடித்தோம். ஒவ்வொரு மழைக்கும் உள்ளிருந்து ஊறி மறுபடி வந்து நிற்கும். பார்த்துப் பார்த்து அது இருப்பதே என் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது. கடிகாரத்தை அளந்தேன், பலகையை அளந்தேன், நாள்காட்டியின் ஆணியைக்கூட அளந்தேன். கோட்டை மறந்துவிட்டேன். எட்டு மாதமாக, வாரா வாரம், கோடே இல்லாத ஒரு சுவரின் முன்னால் உட்கார்ந்து, முடிச்சூரில் இருப்பதாக அவனிடம் அளந்திருக்கிறேன்.

மெல்ல மகன் பக்கம் திரும்பினேன். அவன் மலையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கோடு இல்லையேம்மா,” என்றான்.

“எப்போலேர்ந்துடா தெரியும்?”

“முதல் ஞாயித்துக்கிழமையே.”

இவர் குல்லாவைக் காதுக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு, “என்ன, என்ன சொல்றான்?” என்றார். கால் வழுக்கிவிடும் போலிருந்தது. இரும்புப் பல் மட்டும் பனியை விடாமல் கவ்வியிருந்தது. வெட்கமா, கோபமா, அழுகையா, எது முதலில் வந்தது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. கோபம்தான் வாய்க்கு வந்தது. “தெரிஞ்சுகிட்டே எங்களை எட்டு மாசம் நடிக்க விட்டியா?” என்று கத்தினேன். முன்னால் போன நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வழிகாட்டி நான் பயந்துவிட்டதாக நினைத்து ஓடிவந்து என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு முழுக்க அவனோடு பேசவில்லை. வேன் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் எரிமலைக் குழம்பு ஓடி இறுகிப்போன வெளி. கண்ணுக்கு எட்டியவரை கறுப்புக் கல், அதன்மேல் பாசி, பாசிமேல் பனி. அதைத் தாண்டி ஓரிடத்தில் தரையிலிருந்து ஆவி வந்தது. அழுகிய முட்டை நாற்றம். சூடான மண்ணுக்குள் புதைத்து வேகவைத்த ரொட்டியைத் தோண்டி எடுத்து, வெண்ணெய் தடவி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். மேலே பனி, கீழே அடுப்பு. எனக்கு அதுவும் புரியவில்லை.

ஒரு மரப்பலகையில் உட்கார்ந்தோம். நானே கேட்டேன்.

“ஏண்டா கேக்கல? வீட்டை என்ன பண்ணீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

அவன் ரொட்டியைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

“கோடு இல்லாததைப் பார்த்தப்போ, வீடு போயிடுச்சுன்னு புரிஞ்சுதும்மா. மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. இனிமே நான் மாடி கட்ட வேணாம்னு தோணிச்சு. அப்படித் தோணினதுக்கு எனக்கே அசிங்கமா இருந்துச்சு. கேட்டா அதையும் சொல்லணும். அதான் கேக்கல.”

“அப்போ நீ வரமாட்டே.”

“லீவுக்கு வருவேன். இருக்கறதுக்கு வரமாட்டேம்மா. இதைச் சொல்லத்தான் கூட்டிட்டு வந்தேன். அங்க சொல்லலாம்னா நீ சமையல்கட்டுக்குள்ள போயிடுற.”

எனக்கு வலித்தது. மறைத்தது நான், பிடிபட்டது நான், தண்டனையும் எனக்கா என்று இருந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் அவனும் தண்டனை வாங்கியவன் மாதிரிதான் உட்கார்ந்திருந்தான். ஒரு சேற்றுநாளில் இருபத்தொரு வயசுப் பிள்ளை சொன்ன வார்த்தையை வாரா வாரம் நான் வசூல் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் மேல் கோபப்படுவதா, என் மேலா? ஒரு முடிவுக்கு வருவதற்குள் வெளிச்சம் போய்விட்டது. இவர் மட்டும், “ரொட்டி நல்லா இருக்கு, சாப்பிடு,” என்று தன் துண்டில் பாதியைப் பிய்த்து அவனிடம் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான்.

ஊருக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை அவனே கூப்பிட்டான்.

“ம்மா, அந்தச் சுவர் போதும். புது வீட்டை சுத்திக் காட்டு.”

போனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஹாலைக் காட்டினேன். சமையலறையைக் காட்டினேன், புதுக் குழாய் சொட்டுவதைக் காட்டினேன். “வந்த நாள்லேர்ந்து சொட்டுது, உங்கப்பா இதோ அதோங்கறார்,” என்றேன். சிரித்தான். அவன் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். எங்கள் படுக்கையறையைக் காட்டினேன். திரும்பி வரும்போது வழியில் சாத்தியிருந்த கதவு போன் திரையில் பட்டுவிட்டது.

“அது என்ன ரூம்மா?”

உள்ளே அவன் கட்டில். மேசை. முந்தின நாள்தான் விரிப்பை மாற்றியிருந்தேன்.

“அதுவா? சும்மா சாமான் போட்டு வெச்சிருக்கோம்டா,” என்றேன்.

இவர் சோபாவிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் போனைப் பால்கனிப் பக்கம் திருப்பினேன்.