மைக்கைப் பிடித்தால் கண்ணை மூடுபவர்

என் வீட்டுக்காரருக்கு லாரிகளை எடை போடும் வேலை. ஊருக்கு வெளியே, எடைமேடைக்குப் பக்கத்தில், கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்கார்ந்து, திரையில் தெரியும் எண்ணைப் படித்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார். "அண்ணே, கொஞ்சம் பாத்துப் போடுங்கண்ணே" என்று லாரிக்காரர்கள் தலைகீழாக நின்றாலும் ஒரு கிலோகூட மாறாது. நான் புதுசாக எதையாவது உடுத்திக்கொண்டு "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "போன தடவை எடுத்தது இதைவிட நல்லா இருந்துச்சு" என்பார். பதினெட்டு வருஷமாக இந்த மனுஷனோடு குடும்பம் நடத்துகிறேன். என் பொறுமையைத்தான் யாராவது எடை போட வேண்டும்.

வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், ஆறரை மணிக்கு, ஜன்னலோர மேசையில் இருக்கும் ஹாம் ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவார். அதற்கென்று பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கியவர். இவரோடு பேச வெவ்வேறு ஊர்களில் இருக்கும் ஐந்து பேர் அதே நேரத்தில் அதே அலைவரிசைக்கு வருவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஜன்னல் வழியாக மொட்டைமாடிக்குப் போகும் ஆன்டெனாக் கம்பியில் நான் ஒருநாள் ஈரத் துண்டைக் காயப்போட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

அந்தப் பெட்டியின் முகம் எனக்கு மனப்பாடம். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குமிழ். அதைத் திருப்பினால் அலைவரிசை மாறும், மேலே எண்கள் ஓடும். ஓரத்தில் சத்தத்துக்கு ஒன்று, இரைச்சலை அடக்க ஒன்று, பேசுகிறவர் குரல் வாத்துக் குரலாகக் கேட்டால் நேராக்க ஒன்று. கீழே வரிசையாகக் குட்டிப் பொத்தான்கள். ஒவ்வொரு குமிழும் எங்கே நிற்க வேண்டும் என்று என் நகப்பூச்சை எடுத்துச் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார். கேட்காமல்தான் எடுத்தார். தூசி தட்டலாம், திருப்பக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதனால் நான் பெயின்ட் பிரஷ்ஷால்தான் தட்டுவேன்.

மைக்கில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் பேசலாம், விட்டால்தான் மற்றவர் பேச்சு கேட்கும். பேசும்போது மட்டும் அவருக்கு ஒரு வழக்கம். மைக்கைக் கையில் எடுத்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார், யாரிடமோ வரம் கேட்கிறவர் மாதிரி. "கண்ணை மூடினாத்தான் ஆளு எதிர்ல உக்காந்திருக்கற மாதிரி இருக்கு" என்பார்.

அந்த ஐவரில் ஒரு பல் டாக்டர். பதினோரு வருஷச் சிநேகிதம். எல்லாரும் பேசி முடித்துக் கலைந்த பிறகு இவர்கள் இருவரும் இன்னொரு அலைவரிசைக்குப் போய்ப் பத்து நிமிஷம் தனியாகப் பேசுவார்கள். அந்த எண்ணையும் பெட்டியில் பதிந்து வைத்திருந்தார். ஒரு பொத்தானை அமுக்கினால் பெட்டி அங்கே தாவிவிடும்.

டாக்டர் இரண்டு மாசம் பாடுபட்டுத் தன் கையாலேயே ஒரு ஆன்டெனா கட்டினார். கட்டி முடித்த அன்று, சிக்னல் எப்படி என்று எல்லாரையும் கேட்டார். இதற்கு அவர்களிடம் ஒரு மதிப்பெண் உண்டு. குரல் தெளிவுக்கு ஐந்து வரை, பலத்துக்கு ஒன்பது வரை. நான்கு பேரும் தாராளமாக "அஞ்சு-ஒம்பது" என்றார்கள். என் வீட்டுக்காரர் பெட்டியில் சிக்னல் பலத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்தார். "மூணு-நாலு" என்றார்.

"உங்க ஒருத்தருக்கு மட்டும் எப்படி சார் குறையுது?"

"இருக்கறதைத்தான் சார் சொல்ல முடியும். கெஞ்சற லாரிக்காரனுக்கே நான் குறைச்சதில்ல, உங்களுக்காகக் கூட்டுவேனா?"

டாக்டர் அலைவரிசையை விட்டே போய்விட்டார். மற்றவர்கள் இவரைக் கடிந்துகொண்டார்கள். இவர் கோபத்தில் மைக்கைப் பெட்டிமேல் எறிந்துவிட்டு எழுந்தார்.

மறுநாளிலிருந்து இவர் பேசினால் யாரும் பதில் சொல்லவில்லை. டாக்டர் அங்கே வரவேயில்லை, மற்ற நால்வர் பேசுவது இவருக்குக் கணீரென்று கேட்டது. போதாக்குறைக்கு, "எடைமேடைக்காரரைக் காணோமே" என்று வேறு பேசிக்கொண்டார்கள். "இங்கதானே கரடியா கத்தறேன், காணோமாம்!" என்று குமுறினார். கம்பியைச் சோதித்தார், ஆன்டெனாவைச் சோதித்தார், எல்லாம் சரியாக இருந்தது. அப்படியானால் ஐந்து பேரும் சேர்ந்து தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று முடிவுகட்டினார். "போன் பண்ணித்தான் கேளுங்களேன்" என்றேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மூன்று வாரம் ஓடியது. சாப்பாட்டில் உப்புக் குறைந்ததைக்கூட அவர் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "பெட்டியைக் கட்டிப் பரண்ல போட்டுடலாம்" என்றார். அட்டைப்பெட்டியைக் கொண்டு வந்து பக்கத்தில் நின்றேன். கடைசியாக ஒருதரம் மைக்கை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"யாரும் பதில் சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். டாக்டர் சார், நம்பர் நான் சொன்னது சரிதான். சொன்ன விதம்தான் தப்பு. ரெண்டு மாச உழைப்பை லாரி மாதிரி எடை போட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க. இன்னையோட பெட்டியை எடுத்து வைக்கிறேன்."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பெட்டியின் முகத்தைப் பார்த்தேன். அவர் கட்டைவிரல் மைக் பொத்தானை விட்டதும் திரையில் எண் மாறியது.

"இன்னொரு வாட்டி அமுக்குங்க."

"எதுக்கு?"

"அமுக்குங்கன்னா! கண்ணைத் திறந்துக்கிட்டு."

அமுக்கினார். எண் தாவியது. விட்டார். பழைய எண் வந்தது. திரையின் மூலையில் 'ஸ்ப்ளிட்' என்று குட்டியாக ஒரு சொல் எரிந்துகொண்டிருந்தது. கேட்பது ஓரிடம், பேசுவது வேறிடம் என்று பிரித்துவிடும் பொத்தான் அது. மூன்று வாரமாக இவர் அந்த நால்வரின் பேச்சைக் கேட்டுக்கொண்டு, பதிலை மட்டும் டாக்டரோடு தனியாகப் பேசும் அலைவரிசையில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

முகத்தில் ஈயாடவில்லை. "நீ தூசி தட்டும்போது..." என்று ஆரம்பித்தார்.

"நான் பிரஷ்ஷால தட்டறவ. பெட்டிமேல மைக்கை எறிஞ்சது யாரு?"

அவர் ஸ்ப்ளிட்டை அணைத்து, அந்தத் தனி அலைவரிசைக்குப் பெட்டியை மாற்றினார். இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல்.

"...இப்பவாவது கேக்குதா சார்? கோவிச்சுக்கிட்டு அவங்ககூடப் பேசப் போகாம இங்கயே உக்காந்திருந்தேன். மறுநாளே நீங்க வந்து குட் மார்னிங் சொன்னீங்க. மூணு வாரமா தினம் பதில் சொல்றேன், நீங்க காதுலயே வாங்கல. இப்ப மன்னிப்புக் கேட்டதுக்கும் சொல்லியாச்சு. பெட்டியை எடுத்து வைக்காதீங்க சார்."

என் வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கேக்குது சார், கேக்குது" என்று மட்டும் சொன்னார்.

"நீங்க சொன்னது சரிதான் சார். ஒரு இணைப்புல தண்ணி இறங்கியிருந்துச்சு. சரி பண்ணிட்டேன். இப்ப எப்படி இருக்கு?"

நான் அவர் தோளை அழுத்தினேன். பதினோரு வருஷச் சிநேகிதம் திரும்பி வந்திருக்கிறது, இன்றைக்கு ஒரு நாளாவது ஐந்து-ஒன்பது என்று சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி முள்ளைப் பார்த்தார்.

"நாலு-ஏழு" என்றார்.

இரைச்சலுக்கு நடுவில் டாக்டர் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

"அப்பாடா! அஞ்சு-ஒம்பதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா, இன்னும் என்மேல கோபம்னு நினைச்சிருப்பேன் சார்."