வெள்ளிக்கிழமைக்காரியைத் தேடி திக்லிபூருக்கு

புதன்கிழமை காலை சாத்தம் ஜெட்டியில் கப்பல் ஏறினோம், நானும் என் வீட்டுக்காரரும். போர்ட் பிளேரிலிருந்து திக்லிபூர் கடல்வழியாக ஏறக்குறைய நூற்றெண்பது கிலோமீட்டர். டெக் டிக்கெட் ஆளுக்கு ஆறு ரூபாய். மெயின்லேண்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள், ‘கொடுத்து வைத்தவள், தீவு தீவாகச் சுற்றுகிறாள்’ என்று பெருமூச்சு விட வேண்டாம். நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. காவலுக்குப் போனேன்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் வேலுச்சாமி பர்மாவில் பிறந்தவர். பெகு பக்கம் அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். அறுபதுகளில் நம்மவர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தார்களே, அந்தக் கூட்டத்தில் வந்தார். வரும்போது பர்மாக்கார மனைவி ஒருத்தியை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. அவள் அந்நாட்டுப் பிரஜை. கூட வர அனுமதி கிடைக்கவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. தென்காசிக்கு என்னைப் பெண் பார்க்க வந்தபோதே அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவள் பேச்சை அவர் எடுத்ததில்லை. பெயரைக்கூட நான் கேட்கவில்லை. தெரிந்தால்தானே வயிறு எரியும் என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் அவர் வேலை பார்க்கும் மர ஆலைக்கு ஒரு செய்தி வந்தது. பர்மா தூதரக அதிகாரி ஒருவர் வியாழக்கிழமை திக்லிபூர் பள்ளிக்கூடத்தில் வந்து உட்காரப் போகிறாராம். படகில் வந்து காகிதமே இல்லாமல் தங்கிவிட்ட பர்மாக்காரர்களுக்கு அடையாளச் சீட்டுக் கொடுப்பாராம். அங்கே விட்டு வந்த சொந்தங்களைப் பற்றிக் கேட்டால் விசாரித்தும் சொல்வாராம். அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

“ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன் பார்வதி. உசுரோட இருக்காளான்னு மட்டும் கேக்கணும்.”

“தாராளமாப் போங்க. நானும் வரேன்” என்றேன்.

கப்பலில் நல்ல கூட்டம். பாயை விரித்தவனுக்குத்தான் இடம். நான் எங்கள் பாயை விரித்தேன், அவர் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து பீடி பற்றவைத்தார். சோறு இல்லாமல்கூட இருப்பார், பீடி இல்லாமல் இருக்கமாட்டார். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வரத் தாமதமாகி தீவில் பீடி தீர்ந்துவிட்டால் அவர் முகத்தில் விழிக்க முடியாது. ஆனால் குணத்தில் தங்கம் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் லைன் வீடுகளில் பெண்கள் எங்களோடு சேர்ந்து வெள்ளிக்கிழமை மீன் வேண்டாம் என்கிற ஒரே ஆண்பிள்ளை அவர்தான். கல்யாணமான நாளிலிருந்தே அப்படி. ‘அம்மனுக்காகவும் எனக்காகவும்’ என்று குழாயடியில் நான் பீற்றிக்கொள்ளாத நாள் இல்லை.

பக்கத்துப் பாயில் ராசையா என்கிற மரக் கான்டிராக்டர், நம் ஊர்க்காரர். அவருக்கு எதிரே திக்லிபூரில் நிலம் பெற்றுக் குடியேறிய வங்காளி ஒருவர், பிஸ்வாஸ் பாபு. தூதரக அதிகாரி பேச்சை எடுத்ததுமே இருவருக்கும் வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டது.

“காகிதம் இல்லாம திருட்டுத்தனமா வந்தவனுக்கு, நம்ம சர்க்கார் ஸ்கூல்ல வச்சுக் காகிதமா? அரே, நாளைக்கு அதைக் காட்டி நெலம் கேப்பான்!” என்றார் ராசையா.

பிஸ்வாஸ் பாபு தீவு இந்தியில் நிதானமாகச் சொன்னார்: “நானும் ஊரை விட்டு ஓடிவந்தவன்தான். கேம்பில் கிடந்து, கார்டு வாங்கி, சர்க்கார் கப்பலில் வந்தேன். அவர்களும் வரிசையில் நின்று வாங்கட்டுமே. அது சரி ராசையாஜி, நீங்கள் மரம் வெட்டுகிற கூப்பில் எத்தனை பர்மாக்காரர்கள்? மற்றவர்களுக்குக் கொடுக்கும் கூலியா கொடுக்கிறீர்கள்?”

ராசையா வெற்றிலையைத் துப்புகிற சாக்கில் எழுந்து போய்விட்டார்.

“காகிதம் வந்துட்டா அவனுக்கு வாயும் வந்துடும்ல, அதான் இவருக்குப் பயம்” என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு எரிச்சலாக வந்தது. பர்மாக்காரர்கள் என்றால் இவருக்கு எங்கிருந்துதான் இத்தனை கரிசனம் வருகிறதோ!

வியாழக்கிழமை விடிகாலையில் ஏரியல் பே ஜெட்டியில் இறங்கினோம். அங்கிருந்து திக்லிபூர் ஒன்பது கிலோமீட்டர். ஜீப்பில் ஆளுக்கு ஒரு ரூபாய். வழியெல்லாம் நெல் வயல், பாக்குத் தோப்பு, தூரத்தில் மேகம் மூடிய மலை. வடக்கே இன்னும் கொஞ்ச தூரம் கடலில் போனால் பர்மாவுக்குச் சொந்தமான கோகோ தீவு என்றார் டிரைவர். “இத்தனை பக்கமாவா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

பள்ளிக்கூடத்து வாசலில் வரிசை நின்றிருந்தது. எதிர் டீக்கடையில், ‘கொடுக்கலாம்’ என்று ஒரு பெஞ்சும் ‘கொடுக்கக் கூடாது’ என்று ஒரு பெஞ்சும் கத்திக்கொண்டிருந்தன. எனக்கு வேறு பொறாமை. தென்காசி தாலுகா ஆபீசில் ஒரு சான்றிதழுக்கு நான் செருப்புத் தேய நடந்திருக்கிறேன். இங்கே கள்ளப்படகில் வந்தவனைத் தேடிக்கொண்டு அவன் நாடு கடல் தாண்டி வந்து, நாற்காலி போட்டு, பெயர் கேட்கிறது!

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பர்மாக்காரப் பெண், கன்னத்தில் மரப்பட்டையை அரைத்து மஞ்சளாகப் பூசியிருந்தாள். அவளுக்கு முன்னால் மாடசாமி என்று நம் ராமநாதபுரத்து ஆள், பர்மாக்காரன் மாதிரி லுங்கியைக் கட்டிக்கொண்டு நின்றான். சீட்டு வைத்திருப்பவனுக்கு நிலம் கிடைக்கும் என்று எவனோ கிளப்பிவிட்ட புரளியை நம்பி வந்திருக்கிறான். ஏதோ நாலு பர்மா வார்த்தையும் கற்றிருந்தான். அதிகாரி நிமிர்ந்து பார்த்து, “எந்தக் கிழமை பிறந்தாய்?” என்று இந்தியில் கேட்டார்.

மாடசாமி திருதிருவென்று விழித்தான். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “பூரட்டாதி, சாப்!” என்றான்.

வரிசையே சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டு, போ என்று கையைக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம்மில் யாருக்குக் கிழமை தெரியும்? நட்சத்திரத்தைத்தானே சொல்லி வளர்த்திருக்கிறார்கள்?

முன்னால் நின்ற பெண் தீவு இந்தியில் விளக்கினாள். பர்மாவில் ஒருவருக்கு அடையாளமே பிறந்த கிழமைதானாம். பகோடாவில் நின்று கும்பிடும் மூலைகூடக் கிழமைக்கு ஒன்றாம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்களாம்.

“பிறந்த கிழமையில் கறி மீன் தொடாதவர்களும் உண்டு, தீதி. மனசுக்குப் பிடித்தவர்களின் கிழமைக்கும் சிலர் அப்படி இருப்பார்கள்” என்றாள்.

நான் தலையை ஆட்டிவைத்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் முறை வந்தது. “யாரைத் தேடுகிறீர்கள்?” என்றார் அதிகாரி.

“மா தெயின்” என்றார் என் வீட்டுக்காரர். இத்தனை வருஷம் கேட்காமல் தப்பித்த பெயர்.

“பெகுவில் மா தெயின் நூறு பேர் இருப்பார்கள். எந்தக் கிழமைக்காரி?”

“வெள்ளி.”

யோசிக்கவே இல்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கும்போது என் நட்சத்திரத்தை ஒருநாள் ரோகிணி என்பார், ஒருநாள் சுவாதி என்பார். நான் மகம். ஐயர் முன்னால் ஒவ்வொரு தடவையும் நான்தான் திருத்துவேன். அந்த மனுஷன், வெள்ளி என்கிறார், மூச்சு விடுகிற மாதிரி!

வெள்ளிக்கிழமை மீன் வேண்டாம். அம்மனுக்காகவும் எனக்காகவும்! குழாயடிப் பெண்கள் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். பொங்கிப் போட்டது நான், விரதம் அவளுக்கு.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். நீங்கள் இந்தியர், உங்களுக்குச் சீட்டுத் தர முடியாது. விசாரித்துப் பார்க்கிறேன், பதில் வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றார். இவர் இரண்டு கையையும் கூப்பி நின்றார். பதில் வராமலே போகலாம் என்று எனக்கு ஒரு நிமிஷம் குளுகுளுவென்று இருந்தது. பிறகு கூப்பிய அந்தக் கையைப் பார்த்தேன், அந்தச் சந்தோஷமும் போயிற்று.

திரும்பும் கப்பலில் வெள்ளிக்கிழமை மத்தியானம். கேன்டீனில் சோறும் சூரை மீன் குழம்பும். இவர் மீனைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். நான் என் துண்டைத் தின்றேன். பிறகு கையை நீட்டி அவர் துண்டையும் எடுத்தேன்.

“பார்வதி, இன்னிக்கு வெள்ளிக்கிழமை” என்றார் திடுக்கிட்டு.

“யாரோட வெள்ளிக்கிழமைன்னு எனக்கும் தெரிஞ்சு போச்சு. நீங்க விரதம் இருங்க. நான் எதுக்கு இருக்கணும்?”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மீன் முள்ளைத் துப்புகிற மாதிரிக் கேட்டேன்: “நான் எந்தக் கிழமை பொறந்தேன், சொல்லுங்க பாப்போம்.” எனக்கே தெரியாது. அவர் முழிப்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

“புதன்” என்றார். யோசிக்கவே இல்லை. “ஒங்கப்பா குடுத்த ஜாதகத்துல மொத வரியே அதான். எங்களுக்கு நட்சத்திரம் எல்லாம் மண்டைல ஏறாது பார்வதி. கிழமை மறக்காது.”

வாயில் இருந்த சோற்றை விழுங்கினேன். “அப்ப புதன்கிழமைக்கு என்ன விட்டீங்க?” என்றேன்.

அவர் கடலைப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார். “பீடிய விட்டுரட்டா?”

வீட்டுக்கு வந்தபிறகு இரண்டு புதன்கிழமைகள் போய்விட்டன. அன்றெல்லாம் தீக்குச்சியைப் பார்த்தாலே எரிந்து விழுகிறார், ஆனால் பீடியைத் தொடவில்லை. நான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். தீவில் மீனுக்குப் பஞ்சமே இல்லை. அதை விடுவது என்ன பெரிய காரியம்? பீடி மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வருகிற சாமான். எடை போட்டால் என் தட்டுதான் தாழ்கிறது. குழாயடியில் சொல்லியும் வைத்தேன்.

ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை. புதன்கிழமையை நான் கேட்டு வாங்கினேன். அவள் கேட்கவே இல்லை.