சித்திக்குக் கோட்டை காட்டிய நாள்

எங்கள் குடும்பத்தில் யாரும் வேடிக்கை பார்ப்பதற்கென்று ஊர் விட்டு ஊர் போனதாகச் சரித்திரமே கிடையாது. மாடு பிடிக்கப் போவார்கள், பெண் பார்க்கப் போவார்கள், எழவுக்குப் போவார்கள், அமாவாசை வந்தால் மேல்மலையனூருக்குப் போவார்கள். காரியம் இல்லாமல் வெளியூர் போகிறவன் ஒன்று பணக்காரன், இல்லையென்றால் பைத்தியக்காரன் என்பது அப்பாவின் கட்சி. அப்படிப்பட்ட அப்பா ஒரு மார்கழி மாதத்தில், "எல்லாரும் கெளம்புங்க, செஞ்சிக் கோட்டையப் பாத்துட்டு வரலாம்" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்.

அதுவும் மாட்டு வண்டியில் இல்லை. திண்டிவனத்திலிருந்து ஒரு பிளஷர் கார் வந்து நின்றது. யுத்த காலம், பெட்ரோலைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் காரின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டி வைத்திருந்தார்கள். டிரைவர் அதைக் கிளறி, விசிறி, கெஞ்சி, அது நாலு தடவை இருமிச் சம்மதித்த பிறகுதான் வண்டி நகரும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் அவர்களில் ஒருவரையும் தெரியாதவள் போல நின்றுகொண்டிருந்தேன்.

வண்டி கிளம்புவதற்கு முன் சித்தியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையாத நிலையில் அப்பாவின் தம்பியான சித்தப்பா ரங்கூனுக்கு அரிசி ஆலை வேலைக்குப் போனார். பிறகு அங்கே குண்டு விழுந்தது. கப்பல் கிடைக்காத ஜனங்கள் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள். எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தவர்களில் விக்கிரவாண்டிப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, சித்தப்பாவுக்கு வழியில் பேதி கண்டது என்றும், ஒரு மரத்தடியில் படுத்துக்கொண்டு "நீங்க போங்க, நான் பின்னால வர்றேன்" என்றார் என்றும் சொன்னார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தச் செய்தியில் அப்பா மரத்தடியைப் பிடித்துக்கொண்டார். சித்தி "வர்றேன்" என்பதைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த நிலைமையில் அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமானது. வீட்டில் ஒருத்தி சுமங்கலியா இல்லையா என்று தெரியாமல் வளைய வந்தால் பெண் எடுக்க யோசனையாக இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். முடிக்க வேண்டியதை முடித்துவிட்டுப் பந்தக்கால் நடுங்கள் என்றார்கள். அப்பா அம்மாவை விட்டுச் சித்தியிடம் இரண்டு தடவை பேசிப் பார்த்தார். "பொணத்த யாரு பாத்தது? பாத்தவங்க வந்து சொல்லட்டும், நானே கழட்டிக் குடுக்கறேன்" என்று சித்தி சொல்லிவிட்டாள். அவள் கழற்றித் தருவதாகச் சொன்னது தாலியை. கம்மலையோ எதையோ சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

உடம்பு கிடைக்காதவனுக்கு வைக்கோலில் ஆள் கட்டிக் கொளுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். கொளுத்திய கையோடு பெண்டாட்டிக்குத் தாலி வாங்கிவிடுவார்கள். அதை ஊரில் செய்யலாமென்றால் சித்தி மசிய மாட்டாள். வீட்டில் செய்யலாமென்றால் கல்யாண வீட்டில் ஒப்பாரி விழக்கூடாது. ஆகவே அப்பாவுக்குத் திடீரென்று கோட்டை பார்க்கும் ஆசை வந்தது. இதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துத் தெரிந்தது. சித்தியிடம் யாரும் மூச்சு விடவில்லை.

அன்று காலையில் அம்மாவே சித்திக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். மஞ்சள் பூசி, அரக்குச் சேலை கட்டி, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, சாமந்தியும் கனகாம்பரமுமாகத் தலை கொள்ளாமல் வைத்தாள். தாலி வாங்குவதற்கு முன் ஒருத்தியை அப்படித்தான் கடைசியாக ஒருமுறை ஜோடிப்பார்கள். எனக்கு வயிறெரிந்தது. எனக்கு வைத்தது ஒரே ஒரு சாமந்தி. "என்னாக்கா இது, எனக்கா கல்யாணம்?" என்று சித்தி சிரித்தாள். இன்னும் பூ எடுத்து வருகிறேன் என்று உள்ளே போன அம்மா வெகுநேரம் வெளியே வரவில்லை.

இன்னொரு அதிசயமும் நடந்தது. எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, தாலியறுத்தவள். நல்ல காரியத்துக்கு யாராவது புறப்பட்டால் எதிரில் வந்துவிடக் கூடாதென்று கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அன்றைக்கு அவள்தான் எல்லோருக்கும் முன்னால் காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கார் உச்சியில் ஒரு கட்டு வைக்கோலும் ஏற்றியிருந்தார்கள். காருக்குமா வைக்கோல் என்று கேட்டேன். அங்கே போய் விரித்து உட்காருவதற்கு என்றார் அப்பா.

வழியெல்லாம் கார் நின்று நின்று போனது. வேர்க்கடலை பிடுங்கிய மல்லாட்டைக் கொல்லைகள் இரண்டு பக்கமும் வெறிச்சோடிக் கிடந்தன. கரியில் புகை அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் டிரைவர் இறங்கிப் போய்க் கிளறுவார், அப்பா எங்களுக்குச் சரித்திரம் சொல்லுவார். செஞ்சியை ஆண்ட ராஜா மீசை முளைக்காத பிள்ளையாம். ஆற்காட்டு நவாபின் பெரிய படைக்கு எதிரே கொஞ்சம் ஆட்களோடு குதிரை ஏறிப் போனானாம். செஞ்சி நெருங்க நெருங்க, கண்ணில் பட்ட கரம்பு நிலத்தையெல்லாம் காட்டி, "இங்கதான் சண்டை" என்றார். ராஜா விழுந்ததும் அவன் ராணி குளத்தங்கரையில் தீ மூட்டி இறங்கிவிட்டாள் என்று சொல்லும்போது அப்பாவின் குரலில் ஒரு பெருமை வந்தது. ஏதோ அவரே பெண் கொடுத்த மாதிரி.

சித்திக்குப் புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கமில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டாள். "ஏன்க்கா, அந்த ராணி ராஜா பொணத்தப் பாத்தாங்களாமா?"

"பாக்காம எப்பிடி?" என்று அப்பா ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

"அதானே" என்றாள் சித்தி. அதற்குப் பிறகு செஞ்சி வரை சரித்திரம் நின்றுபோனது.

மலையைப் பார்த்ததும் எனக்குப் பயமாக இருந்தது. யாரோ பாறைகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது போல இருந்தது. அடிவாரத்துக் குளத்தங்கரையில் இறங்கியதும், சோறு தயாராவதற்குள் மேலே போய்ப் பார்த்துவிட்டு வரும்படி அம்மா சித்தியிடம் சொன்னாள். "இவளயும் கூட்டிக்கினு போ" என்று என்னைப் பிடித்து அவள் பக்கம் தள்ளினாள். கிணற்றுப் பக்கம் போனாலே முதுகில் போடுகிற அம்மா, மலைக்கு அனுப்புகிறாளே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

படியெல்லாம் குரங்குகள். என் கையிலிருந்த வாழைப்பழத்தை ஒரு தாட்டியான குரங்கு பிடுங்கிக்கொண்டு பல்லைக் காட்டியது. அலறிக்கொண்டு சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவள் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். உன் சித்தப்பாவோடு ஏறியிருக்க வேண்டிய மலை இது, வந்ததும் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தார் என்றாள். பாதி மலையில், படிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையில் உட்கார்ந்தோம். அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, பள்ளம்தான். கீழே குளம் தட்டு மாதிரி தெரிந்தது, கரையில் எங்கள் ஆட்கள் சின்னச் சின்னதாகத் தெரிந்தார்கள்.

சித்திக்குத் தூரத்துப் பார்வை மட்டு. "என்னா பண்றாங்கன்னு பாத்துச் சொல்லு கண்ணு, சோறு ஆயிடுச்சா?" என்றாள். நான் பாறைமேல் ஏறி நின்று பார்த்துச் சொன்னேன். அப்பா வைக்கோலில் பொம்மை கட்டுகிறார். பொம்மைக்கு வேட்டி சுத்துகிறார்கள். யாரோ புது ஆள் ஒருத்தர் வந்திருக்கிறார், விறகு அடுக்குகிறார். அத்தை ஒரு சொம்பை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அம்மா ஒரு வெள்ளைச் சேலையை உதறி மடிக்கிறாள்.

"அப்பறம்?"

"சோறு மட்டும் காணோம் சித்தி."

பொம்மை கொளுத்தி விளையாடப் போகிறார்கள், நாம் இல்லாமல் ஆரம்பித்துவிடுவார்கள் என்று நான் அவசரப்படுத்தினேன். சித்தி எழுந்து பாறையின் ஓரத்துக்குப் போய் நின்றாள். என் கையை அவள் விடவில்லை. வளையல்கள் அழுந்தி என் மணிக்கட்டு வலித்தது. அந்த வலியை எண்பது வயது தாண்டியும் என்னால் சொல்ல முடியும்.

"கண்ணு, நீ தனியா எறங்கிப் போயிடுவியா? படி வழியாவே போனா நேரா அம்மா கிட்ட போயிடலாம்" என்றாள்.

"மாட்டேன். கொரங்கு கீது."

"அது ஒண்ணும் பண்ணாது."

"பயமா கீது சித்தி. நீயும் வா."

சித்தி பள்ளத்தைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். அந்தத் தாட்டியான குரங்கு இன்னும் நடுப்படியிலேயே உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மூக்கொழுக அழ ஆரம்பித்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, "சரி, வா" என்றாள். குரங்கைக் கல்லெடுத்து விரட்டிக்கொண்டு அவள் முன்னால் இறங்கினாள், நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினேன்.

யாரும் அவளைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கவில்லை. நேராகப் போய் அத்தைக்கு எதிரே உட்கார்ந்தாள். "இதுக்குத்தானாக்கா தல நெறைய பூ வெச்ச?" என்று மட்டும் அம்மாவைக் கேட்டாள். அதற்குள் அப்பா என்னைத் தூக்கிக் கொண்டுபோய் டிரைவரிடம் விட்டார். டிரைவர் கம்பியை எடுத்து அடுப்பைக் கிளறு கிளறென்று கிளறினார். நின்றிருக்கிற காருக்கு அவ்வளவு கிளறல் தேவையில்லை. அந்தச் சத்தத்தையும் மீறி வளையல் கல்லில் உடைவது கேட்டது. அத்தையின் ஒப்பாரி கேட்டது. சித்தியின் குரல் கேட்கவே இல்லை.

தையில் அக்கா கல்யாணம் சிறப்பாக நடந்தது. சித்தி அடுப்படியை விட்டு வெளியே தலை காட்டவில்லை. எங்கள் வீட்டிலேயே கேப்பைக் களி கிண்டிக் கிழவியானாள். சித்தப்பா வரவில்லை. பார்த்தாயா, செய்தது சரியாகப் போயிற்று என்று ஊரே அப்பாவை மெச்சியது. சரியாகப் போனதற்காக நான் அப்பாவை இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கிருந்த வருத்தமெல்லாம் மலை உச்சியைப் பார்க்கவில்லையே என்பதுதான். எல்லாம் முடிந்து, தீட்டுப் போக எல்லோரும் குளத்தில் முழுகினார்கள். சித்தி வெள்ளைச் சேலையோடு படியில் ஈரம் சொட்ட உட்கார்ந்திருந்தாள். அம்மா என்னை இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதி மலைதான் ஏறினோம் என்று அவளிடம் குறை சொன்னேன். சித்தி என்னைத் தனியாக இறங்கிப் போகச் சொன்னாள் என்றும் கோள் மூட்டினேன்.

சொம்பு அப்படியே நின்றது. "நீ என்னா சொன்ன?" என்றாள் அம்மா.

"மாட்டேன்னுட்டேன். கொரங்குக்குப் பயம்னுட்டேன்."

அம்மா சொம்பைத் தண்ணீரில் விட்டுவிட்டு என்னை வாரி அணைத்துக்கொண்டாள். ஒப்பாரியின்போதுகூட வாய் திறக்காதவள், குளமே அதிரும்படி ஓவென்று அழுதாள். கல்யாணத்தை வைத்துக்கொண்டு என்ன அழுகை என்று கரையிலிருந்து அப்பா அதட்டினார். அவள் நிறுத்தவில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஈர முதுகைத் தட்டிக் கொடுத்து, "அழாதம்மா, கொரங்கு என்ன ஒண்ணும் கடிக்கல" என்று சமாதானம் சொன்னேன்.