தம்பிக்கு வைத்த தட்டு

போன வாரம் ஒரு விருந்துக்குப் போனேன். சாப்பிட்டு முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாதாம். தமிழர்களை இப்படியும் தண்டிக்க முடியுமா?

விருந்து கொடுத்தவர், கிளென் வேவர்லியில் எங்கள் பக்கத்து வீட்டு ஹெலன். விக்கா சமயத்தவர். இயற்கையைக் கும்பிடுகிறவர்கள், பருவம் மாற மாற ஒரு பண்டிகை உண்டு. இலை உதிர்கிறபோது வருவது சௌவின் — இறந்தவர்களுக்கான நாள். வடக்கு நாடுகளில் அது அக்டோபர் கடைசி. பூமியின் தென்பாதியில் இருக்கும் இங்கே அப்போது வசந்தம்! ஊரெல்லாம் பூத்துக் கிடக்கும்போது இறந்தவர்களை அழைப்பதா? அதனால் ஹெலனுக்கு அது ஏப்ரல் கடைசி.

ஒவ்வொருவரும் தங்களை விட்டுப் போனவருக்கு ஒரு சின்னத் தட்டில் பரிமாறி, காலி நாற்காலிக்கு முன்னால் வைக்க வேண்டும். பிறகு மௌனமாகச் சாப்பாடு. கடைசியில் அந்தத் தட்டுகள் தோட்டத்து மரத்தடிக்குப் போகும்.

இதை டண்டினொங்கில் இருக்கும் தோழி மகேஸ்வரி அக்காவிடம் சும்மா சொல்லி வைத்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய தம்பி போரின் கடைசி நாள்களில் காணாமல் போனவர். உடல் இல்லை, செய்தி இல்லை... அதனால் திவசமும் இல்லை.

"செத்த திகதி கேக்க மாட்டினமோ?" என்றார் அக்கா.

"கேக்க மாட்டாங்கக்கா. இலை உதிர்ந்தா போதும்."

"அப்ப நானும் வாறன். எவ்வளவு காலம் இப்பிடியே இருக்கிறது?"

வந்தார் — தம்பிக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியோடு. தன் முறை வந்ததும் தட்டில் பரிமாறி, நாற்காலிக்கு முன்னால் வைத்தார். அப்பாடா, ஒரு வழியாக மனதைத் தேற்றிக்கொண்டார் என்று நினைத்தேன்.

சாப்பாடு முடிந்தது. ஹெலன் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். தம்பியின் தட்டில் கை வைத்ததும் அக்கா எழுந்துவிட்டார்.

"வேண்டாம்!"

அதுவரை அந்த விருந்தில் கேட்ட ஒரே குரல். தமிழில்தான் சொன்னார், ஹெலனுக்குப் புரிந்தது. எதுவும் கேட்காமல் தட்டை அவரிடமே கொடுத்துவிட்டார்.

காரில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு அக்கா அழுதார். "பெரிய பிழை விட்டிட்டன். அவன் எங்கையாவது உயிரோட இருந்தா? அக்கா இனி என்னைத் தேட மாட்டா எண்டு நினைக்க மாட்டானோ?"

தம்பி இருக்கிறார் என்பதா, இல்லை என்பதா? எதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை? மற்ற விருந்தினர்கள்மேல் பொறாமையாகக்கூட இருந்தது. அவர்கள் அழுது முடித்துவிட்டு அடுத்த பருவத்துக்குப் போய்விடுவார்கள். அக்காவுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

டண்டினொங்கில் வீட்டு வாசலில் இறங்கியவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"தங்கச்சி, இதை ஃபிரிட்ஜில வைச்சா எத்தினை நாளைக்குக் கெடாமல் இருக்கும்?"