எண்ணெயும் எண்ணும்

அச்சகத்தில் இருபத்திரண்டு ஆண்டு பிழைதிருத்தும் வேலை பார்த்தவளை எல்லோரும் புள்ளியக்கா என்றே கூப்பிடுவார்கள். விட்டுப்போன ஒரு புள்ளிக்காக, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தையே நிறுத்தியவள். அச்சகத்தை மூடியதும், டயர் கடை மாடியில் இரண்டே அறைகளில் இயங்கிய ஒரு செய்தித் தளத்தில் சேர்ந்தாள். ஊரெல்லாம் பரவும் தகவல் மெய்யா பொய்யா என்று பார்த்துச் சொல்வது வேலை.

எல்லையில் போர் தொடங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் அவள் வீட்டுக்காரர் கைபேசியை நீட்டினார்.

"பாத்தியா? அரசாங்கத்துக்கு எண்ணெய் வருமானம் மூன்றரை மடங்குக்கு மேல ஏறிடுச்சாம். அதை மறைக்கத்தான் இந்தப் போராம். நாலு லட்சம் பேர் பகிர்ந்திருக்காங்க."

"நாலு லட்சம் பேர் சொன்னா ரெண்டும் ரெண்டும் அஞ்சாயிடுமா?"

அலுவலகத்தில் ஆசிரியர் அவசரப்பட்டார். "பொய்னு ஒரு வரி போட்டு முடிங்கக்கா. நிதி அமைச்சகமே அதைத்தான் சொல்லுது."

"அவங்க சொல்லிட்டா போதுமா தம்பி? எண்ணெயைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. எண்ணைப் பத்தித் தெரியும்."

கருவூல அறிக்கையை அச்செடுத்து வரிவரியாகப் படித்தாள். மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சிரித்தாள். வீட்டுக்காரர் காட்டிய பதிவிலிருந்த இரண்டு தொகையும் அசல்தான். ஆனால் இந்த ஆண்டுத் தொகை ஒன்பது மாதத்துக்கு. போன ஆண்டுத் தொகை மூன்றே மாதத்துக்கு.

"மூணு மாசக் குழந்தையையும் ஒன்பது மாசக் குழந்தையையும் பக்கத்துல படுக்கவச்சு, அடேங்கப்பா என்ன வளர்த்தின்னா எப்படி?"

அதோடு விடவில்லை. ஒன்பது மாதத்தை ஒன்பது மாதத்தோடு ஒப்பிட்டாள். வருமானம் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தது மெய். அது எதற்குச் செலவானது என்று அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. மூன்றையும் எழுதினாள். போர் எதற்காக என்பது ஆள்பவர்களின் மனத்துக்குள் இருப்பது, எந்த அட்டவணையும் அதைக் காட்டாது என்றும் சேர்த்தாள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஒரு கூட்டம் கைக்கூலி என்றது, இன்னொன்று துரோகி என்றது. ஆனால் அந்தப் பதிவை முதலில் போட்ட கல்லூரிப் பேராசிரியரே தொலைபேசியில் வந்தார்.

"அம்மா, அட்டவணையில எத்தனை மாசம்னு போட்டிருந்த தலைப்பைக் கவனிக்காம விட்டுட்டேன். உங்க கட்டுரையோட திருத்தம் போடறேன்."

சொன்னபடியே போட்டார். அடுத்த வாரம் நாடாளுமன்றத்தில் நிதி அமைச்சர் வழக்கம்போல எழுந்து, "மூன்றரை மடங்கு என்பது பச்சைப் பொய்" என்று கை உதறினார். இதுவரை அந்த ஒரு பதிலே அவருக்குப் போதுமானதாக இருந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருத்தி புள்ளியக்காவின் கட்டுரையைத் தூக்கிப் பிடித்தாள்.

"பொய்தான், ஒப்புக்கொள்கிறோம். ஐந்தில் ஒரு பங்கு மெய்தானே? அது எங்கே போனது?"

அமைச்சர் கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்தார். பத்து நாளில் முழுக் கணக்கையும் அவையில் வைப்பதாக வாக்குக் கொடுத்தார். ஒன்பதாம் நாளே வைத்தார். மாடியில் தொலைக்காட்சி முன்னால் ஆசிரியர் நாற்காலிமேல் ஏறிக் கூவ, டயர் கடைக்காரர்கள் என்னவோ ஏதோவென்று படியேறி ஓடிவந்தார்கள்.

அன்று குடும்பக் குழுவில் வீட்டுக்காரர் அந்தக் கட்டுரையைப் போட்டு, கீழே ஒரே வரி எழுதினார்: "எழுதினது என் பெண்டாட்டி."