எரியாத மகனீசியம் நாடா

சரோஜா டீச்சர் போய்விட்டார்.

காலையில் அவருடைய தம்பி போன் கோல் எடுத்துச் சொன்னார். கட்டுகஸ்தோட்டையில் செத்த வீட்டுக்குப் போய்விட்டு வந்து, குளித்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

கலஹா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் அவர் விஞ்ஞானம், நான் கணக்கு. பேராதனையிலிருந்து ஒரே பஸ். பாதி நாள் நின்றுகொண்டுதான் போவோம்... அவருடைய பையில் எப்போதும் ஏதாவது போத்தல் உருளும்.

எங்கள் ஆய்வுகூடம் என்பது ஒரு அறை, ஒரு கதவு, ஒரு அலுமாரி. அதற்குள் போக பிள்ளைகள் அடித்துக்கொண்டு ஓடுவார்கள். என் வகுப்புக்கு ஒருத்தரும் அப்படி ஓடி வந்ததில்லை.

ஒருநாள் கலைவாணி என்ற பிள்ளைக்கு ஸ்பிரிட் லாம்பில் விரல் சுட்டுவிட்டது. சின்னக் கொப்புளம். டீச்சர் தண்ணீரில் பிடித்து, மருந்து போட்டு அனுப்பினார். யாரோ ஒரு புண்ணியவான் மேலே அறிவித்துவிட்டான்.

விசாரணைக்கு ஒரு கல்வி அதிகாரி ஜீப்பில் வந்தார்.

"பிள்ளைங்க கையில நெருப்பக் குடுக்கலாமா டீச்சர்? பாதுகாப்பு முக்கியம் இல்லையா?"

டீச்சர் வாய் திறக்கும் முன்னே கலைவாணியின் அம்மா, கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, விடியக்காலையில எங்க வீட்டு அடுப்ப பத்த வச்சி ரொட்டி சுடுறதே இவதான். அப்ப சுட்டுக்கிட்டா கேக்க நாதி இல்ல. இங்க சுட்டதுக்கு மட்டும் ஜீப்பு வருதா?"

அதிகாரி சிரித்து மழுப்பினார்.

அன்றைக்குப் பாடசாலை வேலியோரம் தோட்டத்து ஆட்கள் புல் சாக மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் துணிகூட இல்லாமல். பிள்ளைகள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அதிகாரி ஜீப் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார். அதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை.

பிறகு ஓடர் வந்தது. தீயணைப்புக் கருவி வேண்டும், இரண்டாவது கதவு வேண்டும், தண்ணீர்க் குழாய் வேண்டும். அதுவரை பூட்டு.

"சட்டம் சரிதான் சேர்," என்றார் டீச்சர், அதைக் கொண்டுவந்த அதிகாரியிடம். "நானும் கேக்குறது அதத்தான். கருவியக் குடுங்க, கதவ வைங்க, தண்ணி தாங்க. பூட்ட மட்டும் குடுத்தா எப்பிடி?"

பூட்டு மட்டும்தான் உடனே கிடைத்தது.

அதற்கு முந்திய கிழமை அவர் கண்டியில் சொந்தக் காசில் மகனீசியம் நாடா வாங்கி வந்து வகுப்பில் காட்டியிருந்தார். சாம்பல் நிறத்தில், ஒன்றுக்கும் உதவாத தகரத் துண்டு மாதிரி இருந்தது.

"இதுவா வெள்ளையா எரியும்? சும்மா சொல்றீங்க டீச்சர்," என்றாள் கலைவாணி.

"அடுத்த கிழமை கொளுத்திக் காட்டுறேன். அப்ப சொல்லு."

அந்த அடுத்த கிழமை வரவே இல்லை. நாடா அலுமாரிக்குள். அலுமாரி அறைக்குள்...

தவணைப் பரீட்சையில் கேள்வி வந்தது. மகனீசியம் எரியும்போது என்ன அவதானிப்பீர்? எல்லாப் பிள்ளைகளும் புத்தகத்தில் உள்ளபடி 'பிரகாசமான வெண்ணிறச் சுடர்' என்று எழுதி முழுப் புள்ளி வாங்கினார்கள்.

கலைவாணி மட்டும் 'தெரியாது, நாங்கள் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தாள்.

டீச்சர் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். "உண்மையா எழுதினவ இவ ஒருத்திதான் சேர். இவளுக்குத்தான் நான் முட்டை போடணும்."

போட்டார். புள்ளி வழங்கும் திட்டம் அப்படி. அன்றைக்கு அவர் தேத்தண்ணீர் குடிக்கவில்லை.

தீயணைப்புக் கருவி பல வருடம் கழித்து வந்தது. சிவப்பாக, அழகாக... அதை அதிபர் அறையில் மாட்டினார்கள். கதவும் குழாயும் வரவில்லை. ஆய்வுகூடத்தில் உடைந்த கதிரைகளை அடுக்கினார்கள். டீச்சர் பென்ஷன் போனார். கடைசிவரை அந்தப் பாடசாலைப் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்றைக்குச் செத்த வீட்டில் ஒருத்தி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கலைவாணி. கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாளாம்.

பிறகு கேட்டாள்.

"சேர்... அந்த நாடா இன்னும் அலுமாரிலதான் இருக்கா?"

"இருக்கும்மா," என்றேன். "ரொம்பப் பாதுகாப்பா இருக்கு."

போயிட்டு வாங்க டீச்சர்.