துவக்கைக் கொடுத்த பிறகு யார் காவல்? ஸ்காபரோவிலிருந்து பார்க்டேலுக்கு ஒரு பயணம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஒரு பெப்ரவரி சனிக்கிழமை. நகரின் மறுகோடியில், பார்க்டேலில் ஒரு மண்டபத்தில் கூட்டம் என்று கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். ஊரில் சண்டை நின்றால் ஆயுதக் குழுக்களிடமிருந்து துவக்குகளை வாங்கி, வீடும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொடுக்க வெளிநாடுகள் உதவுமாம். எனக்கு நம்பிக்கையில்லை. ஸ்காபரோவில் எங்கள் கட்டிடத்து மேல்மாடியில் இருந்த மனோ அன்ரிக்காகத்தான் போனேன்.

அன்ரி மட்டக்களப்பு. அவருடைய ஒரே மகன் அங்கே ஓர் ஆயுதக் குழுவில் இருந்தான். “துவக்கைக் குடுத்திட்டு வீட்டுக்கு வரட்டா?” என்று தொலைபேசியில் கேட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை திரும்ப எடுப்பான். அதற்குள் பதில் வேண்டும்.

பன்னிரண்டரைக்குப் புறப்பட்டோம். பஸ்ஸில் கென்னடி ஸ்டேஷன், சப்வேயில் டஃபரின், அங்கிருந்து இன்னொரு பஸ். ஆளுக்கு இரண்டு டொலர், ஒன்றேகால் மணி நேரம். பஸ் ஹீட்டர் வேலை செய்யவில்லை, அது வேறு கதை. வழி முழுக்க அன்ரி ஒரே கேள்வியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். மண்டப வாசலில் நான் சொன்னேன்: “அன்ரி, ஆர் ஆர் வந்திருக்கினம் எண்டு பாத்திட்டுக் கேளுங்கோ.”

எங்கள் ஆட்கள் கூட்டத்துக்கு வந்தால் மேடையைப் பார்ப்பதில்லை, பின்னால் யார் என்றுதான் பார்ப்பார்கள். முன் மூன்று வரிசையும் காலி. கதவோரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு, ஜாக்கெட்டைக் கழற்றாமல், எந்த நேரமும் எழும்பி ஓடக்கூடிய மாதிரி இருந்தோம். வெள்ளைக்கார அதிகாரி திரையில் படம் காட்டினார். வேறொரு நாட்டில் குவித்து எரித்த துவக்குகள், பக்கத்தில் தச்சு வேலை பழகும் பொடியன்கள். படத்தில் எல்லாரும் சிரித்தார்கள். படம் எடுக்கும்போது யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

கேள்வி நேரம் வந்தது. அன்ரி எழும்பப் பார்த்தார். அதற்குள் சாம்பல் நிறக் கோட் போட்ட ஒருவர் எழும்பிவிட்டார். வந்ததிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆள். ஏதோ ஒரு குழுவுக்காக உளவு பார்க்க வந்தவர் என்றுதான் நான் முடிவுகட்டியிருந்தேன்.

“துவக்கைக் குடுத்திட்டு வீட்டை வாற பிள்ளையை மற்ற ஆக்கள் சுடாமல் ஆர் பாக்கிறது?”

அன்ரியின் கேள்வி, சொல்லுக்குச் சொல் அதேதான். அதிகாரி சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: “ஆயுதங்களை நாங்கள் பொறுப்பெடுப்போம், தொழிலும் பழக்குவோம். பாதுகாப்பு அங்கத்தைய அதிகாரிகளின் பொறுப்பு.” இரும்புக்குக் காவல் உண்டு, பிள்ளைக்கு இல்லை.

கேட்டவர் உட்காரும்போது, யார் தலையாட்டுகிறார்கள் என்று பார்ப்பதுபோலத் திரும்பி எல்லாரையும் பார்த்தார். அன்ரி என் கையை இறுக்கிப் பிடித்தார். “தலையாட்டாத மனே.”

பஸ் தரிப்பிடத்தில் பார்த்தால் அதே ஆள் எங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

“அன்ரி எந்த ஊர்?”

எங்கள் ஆட்களின் முதல் கேள்வி. நான் முந்திக்கொண்டு “நல்லூர்” என்று பொய் சொன்னேன்.

“என்ரை மூத்தவன் வவுனியாவிலை ஒரு குழுவோடை நிக்கிறான். அதுதான் கேட்டனான். உங்கடை பிள்ளையள் ஆரும் அங்கை நிக்கினமோ?” கண்கள் சிவந்திருந்தன. குளிரா அழுகையா, தெரியவில்லை.

அன்ரி நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: “எனக்கு ஆம்பிளைப் பிள்ள இல்ல.”

அவர் தலையசைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். சப்வேயில் ஏறியதும் அன்ரி அழத் தொடங்கினார். கென்னடி வரும்வரை நிறுத்தவில்லை. “அந்த மனிசன் உண்மையத்தான் சொன்னவரோ?” என்று மட்டும் ஒருமுறை கேட்டார். தெரியாது என்றேன். இன்றைக்கும் தெரியாது. ஞாயிறு மகன் தொலைபேசி எடுத்தபோது, “இப்ப குடுக்காத, பொறு” என்று சொன்னாராம்.

இப்படியான கூட்டங்களுக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். போகும்போது பஸ் மாற எடுத்த ட்ரான்ஸ்பர் துண்டு திரும்பி வர உதவாது, இன்னொரு இரண்டு டொலர் வைத்திருங்கள். சனிக்கிழமைகளில் டஃபரின் பஸ் பிந்தும், நல்ல சப்பாத்து போடுங்கள். கையேட்டை வாங்குங்கள், ஆனால் காவலைப் பற்றி அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊரில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த யாரையாவது கூட்டிக்கொண்டு போனால், தயவுசெய்து தனியே திருப்பி அனுப்பாதீர்கள். பெற்ற பிள்ளையை இல்லையென்று சொல்லிவிட்டு வருகிற தாய்க்குப் பக்கத்து சீட்டில் ஆள் வேண்டும்.